மூத்த தம்பதி ஊழியம்

பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் சபை காட்டும் ஊருக்குத் தங்கள் சொந்தச் செலவில் போய், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் வரை சம்பளமின்றி வேலை செய்வது மூத்த தம்பதி ஊழியம் எனப்படும். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை இதை நடத்துகிறது. வெளியுலகம் மோர்மன் சபை என்று அறிந்தது இச்சபையைத்தான். 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய இச்சபையின் தலைமையகம் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறது. மோர்மன் என்ற பெயரைத் தவிர்த்து முழுப் பெயரால் அழைக்கும்படி 2018இல் சபைத் தலைவர் ரஸல் எம். நெல்சன் கேட்டுக்கொண்டார்.

வெள்ளைச் சட்டையும் டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இருவர் இருவராகத் தெருவில் நடக்கும் இளைஞர்கள்தாம் இச்சபையின் ஊழியர்களாக ஊர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அதே பெயர்ப்பட்டையை அணிந்த அறுபது, எழுபது வயதுத் தம்பதிகளை அதிகம் பேர் கவனிப்பதில்லை. அவர்களுடைய ஊழியத்தின் கடினமான பகுதி விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பதினெட்டு வயதுப் பையன் விட்டுப் போவது கல்லூரி வகுப்பையும் நண்பர்களையும். இவர்கள் விட்டுப் போவது நாற்பது ஆண்டாக வாழ்ந்த வீட்டையும், பேரப்பிள்ளைகளையும், பழகிய மருத்துவரையும்.

வரலாறு

தொடக்க காலத்தில் ஊழியம் பெரும்பாலும் மணமான ஆண்களின் வேலையாக இருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு அவர்கள் தனியே போனார்கள். அந்த ஏற்பாட்டின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதற்கு லூயிசா பார்ன்ஸ் பிராட்டின் வாழ்க்கையே சான்று. அவருடைய கணவர் அடிசன் பிராட் 1843இல் கப்பலேறி, மறு ஆண்டு பசிபிக் கடலில் இன்றைய பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த டுபுவாய் தீவில் இறங்கினார். அவர் திரும்பி வருவதற்குள் லூயிசா நான்கு மகள்களுடன் சமவெளிகளைக் கடந்து சால்ட் லேக் பள்ளத்தாக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டிருந்தார். கணவர் மீண்டும் தீவுகளுக்குக் கிளம்பிய பின், 1850இல், லூயிசாவும் மகள்களுடன் பின்தொடர்ந்து டுபுவாய் சேர்ந்தார். கணவரின் ஊழியத்துக்குத் துணையாகப் போக சபைத் தலைவர் பிரிகம் யங் அவரை முறைப்படி நியமித்திருந்தார். தம்பதியாகச் செய்யும் ஊழியத்தின் முன்னோடிகளை எண்ணும்போது லூயிசாவை முதலில் வைப்பதே நியாயம். மணமாகாத பெண்கள் முழுநேர ஊழியராக அனுப்பப்பட்டது அதற்கும் வெகு பின்னால்தான்: 1898இல் இனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் ஆகிய இருவரும் இங்கிலாந்துக்குச் சென்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயுளும் ஓய்வூதியமும் கூடக்கூட, முதிய தம்பதிகளை அழைப்பது சபையின் நிலையான வழக்கமாயிற்று. 2001 ஏப்ரலில் நடந்த சபையின் பொது மாநாட்டில் அப்போஸ்தலர் ராபர்ட் டி. ஹேல்ஸ், தம்பதிகளைத் தயங்க வைக்கும் காரணங்கள் நான்கு என்றார்: பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, தகுந்த பணி கிடைக்குமா என்ற ஐயம், பணம். 2011 அக்டோபர் மாநாட்டில் மற்றொரு அப்போஸ்தலரான ஜெஃப்ரி ஆர். ஹாலண்ட் இன்னும் ஆயிரக்கணக்கான தம்பதிகள் தேவை என்று வெளிப்படையாகவே கேட்டார். அழைப்பு இப்படி மாநாட்டுக்கு மாநாடு எழுவதிலிருந்தே தேவைக்கு ஆள் போதவில்லை என்பது தெரியும்.

அழைப்பு

விண்ணப்பிக்கும் தம்பதியின் வீட்டில் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கக் கூடாது. உடல்நலமும் பணவசதியும் இருக்க வேண்டும். சபை ஒழுங்குகளைக் கடைப்பிடிப்பவர்களாக இருக்க வேண்டும். மது, புகையிலை, காபி, தேநீர் விலக்கும், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் செலுத்துவதும் அந்த ஒழுங்குகளில் அடங்கும். உள்ளூர்ச் சபையை நடத்தும் ஆயரும், பல உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பான பிணையத் தலைவரும் தம்பதியை நேர்காண்பார்கள். மருத்துவரும் பல் மருத்துவரும் நிரப்பிய படிவங்களோடு விண்ணப்பம் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும்.

இளம் ஊழியர்களுக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. தம்பதிகள் தங்கள் விருப்பத்தையும் உடலின் வரம்பையும் சொல்லலாம்; இருந்தாலும் கடைசி முடிவு சபைத் தலைமையுடையது. இளமையில் பிரேசிலில் ஊழியம் செய்து போர்ச்சுகீசியம் கற்றவர், ஓய்வுக்குப் பின் மனைவியோடு அதே மொழி பேசும் ஊருக்குப் போக விரும்புவது சாதாரணம். முன்பு அழைப்புக் கடிதம் பெரிய வெள்ளை உறையில் தபாலில் வந்தது. 2018இன் இறுதியிலிருந்து இணையம் வழியே வருகிறது. மூன்று ஆண்டுக் காலம் ஒரு மிஷனுக்கு, அதாவது ஊழியப் பகுதிக்கு, தலைமை தாங்கப் போகும் தம்பதிகள் வேறு வகையினர். இக்கட்டுரை அவர்களைப் பற்றியதல்ல.

பணமும் உடல்நலமும்

பல நாட்டு இளம் ஊழியர்களுக்கு, எந்த ஊருக்குப் போனாலும் மாதக் கட்டணம் ஒன்றே. தம்பதிகளுக்கு அப்படி இல்லை: வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் உண்மையில் ஆகும் செலவு. இதனால் செலவு மிகுந்த நகரங்களுக்கு வசதி படைத்தவர்களே போக முடிந்தது. 2011 செப்டம்பரில் வந்த திருத்தம் இதை ஓரளவு சரிசெய்தது. வீட்டு வாடகைக்கும் அதைச் சார்ந்த செலவுக்கும் ஒரு தம்பதி மாதம் 1,400 டாலருக்கு மேல் தர வேண்டியதில்லை, மீதியைச் சபை ஏற்கும் என்று விதி வந்தது. ஊழியக் காலத்தை 6, 12, 18, 23 மாதங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவும் அப்போது வழி செய்யப்பட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனாலும் மாத ஓய்வூதியத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்கு, ஊரிலுள்ள வீட்டின் வரியையும் காப்பீட்டையும் கட்டிக்கொண்டே வேறு நாட்டில் இன்னொரு வீட்டை நடத்துவது இன்றும் பாரமே. ஆகவே பல தம்பதிகள் ஓய்வுக்குப் பல ஆண்டு முன்பே இதற்கென்று சேமிக்கத் தொடங்குகிறார்கள். சிலர் வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் போகிறார்கள்.

அமெரிக்கத் தம்பதிகளுக்குப் பெரிய தலைவலி மருத்துவக் காப்பீடு. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசு தரும் மெடிகேர், அமெரிக்காவுக்கு வெளியே நடக்கும் பெரும்பாலான சிகிச்சைகளுக்குச் செல்லாது. எனவே வெளிநாடு போகிறவர்கள் தனிக் காப்பீடு எடுத்தாக வேண்டும். ஊழியக் காலத்தில் மெடிகேரின் மாதக் கட்டணப் பகுதியை நிறுத்தலாமா என்ற கேள்வி உடனே எழும். நிறுத்திவிட்டுப் பிறகு சேர்ந்தால், விட்டுப்போன ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் கட்டணத்தில் பத்து விழுக்காடு அபராதமாகக் கூடும். அது பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடரும். வெளிநாட்டில் ஓராண்டுக்குக் குறையாமல் தொண்டு செய்பவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆறு மாதத்துக்குப் போகிறவர்களுக்கு இல்லை. ஊழியக் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதை விசாரித்துக்கொள்வது அவசியம்.

இரத்த அழுத்த மாத்திரைகளை எத்தனை மாதத்துக்கு முன்கூட்டி வாங்க முடியும், போகும் நாட்டில் அதே மருந்து கிடைக்குமா, கண்புரை அறுவையை இப்போதே முடித்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்பதும் கிளம்பும் முன்தான். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ போன்றவற்றுக்கான தடுப்பூசிகள் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளின் விசாவுக்குக் கைரேகையும் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். அவை வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம்.

வீடும் பேரப்பிள்ளைகளும்

பிள்ளைகளில் ஒருவருக்கு வங்கிக் கணக்கைக் கையாளும் அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். வீட்டுக் குழாய் குளிரில் உறைந்து வெடிக்காமல் பார்க்க ஆள் வேண்டும். கார், நாய், தோட்டம், வருமான வரி, தபால் ஓட்டு என்று பட்டியல் நீளும். இவை பணத்தாலும் உதவியாலும் தீரும்.

குடும்பத்தை விட்டுப் பிரிவது அப்படித் தீராது. பேரக்குழந்தை பிறப்பும் கல்யாணமும் இவர்கள் இல்லாமல் நடக்கும். இச்சபையில் குழந்தைக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம் கொடுப்பது பெரிய குடும்ப நிகழ்ச்சி. தாத்தாவும் பாட்டியும் இல்லாத அந்த நாள் இரு பக்கத்துக்கும் குறைதான். தொண்ணூறு வயதுத் தாயார் உயிரோடு இருந்தால் அவரை யார் பார்ப்பது என்ற கேள்வி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். பொதுவாக இதில் மனைவியின் தயக்கம் அதிகம் என்று பேசப்படும். அந்த வீடுகளில் பேரப்பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் யார் கையில் இருந்தது என்பதைக் கணக்கில் எடுத்தால், அதைத் தயக்கம் என்பதைவிடப் பொறுப்பு என்பதே சரி. தம்பதிகள் வீட்டாரோடு விருப்பம்போல வீடியோவில் பேசலாம். முக்கியமான குடும்ப நிகழ்ச்சிக்கு அனுமதி பெற்றுத் தங்கள் செலவில் சில நாள் வந்து போகவும் இடமுண்டு. போக வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. வீட்டிலிருந்தபடியே உள்ளூரில் செய்யும் சேவை ஊழியம் அவர்களுக்கான வழி.

பயிற்சியும் பணியும்

கிளம்பும் முன் ஞாயிறு ஆராதனையில் இருவரும் பேசுவார்கள். பிணையத் தலைவர் அவர்கள் தலைமேல் கைவைத்து ஜெபித்து ஊழியத்துக்கு ஒதுக்கிவைப்பார். அதிலிருந்து அவர்கள் எல்டர், சிஸ்டர் என்று அழைக்கப்படுவார்கள். பலர் யூட்டாவின் புரோவோ நகரிலுள்ள பயிற்சி மையத்தில் சுமார் ஒரு வாரம் இருப்பார்கள். அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் பேரன் வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பது பலருக்கும் உற்சாகம் தரும் அனுபவம். மொழி கற்பது கட்டாயமில்லை.

இளைஞர்களுக்குள்ள நேரக் கட்டுப்பாடு இவர்களுக்குக் கிடையாது. கதவு தட்டிப் போதிக்க வேண்டியதுமில்லை. மிஷன் அலுவலகத்தில் வேலை என்றால், இளம் ஊழியர்கள் தங்கும் வீடுகளின் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும், மூட்டைப்பூச்சி புகாரைக் கவனிப்பதும், விசா கெடுவைப் பார்த்துக்கொள்வதும் அன்றாடம். ஓய்வுபெற்ற மருத்துவர்கள் ஊழியர்களின் உடல்நலத்தையும் மனநலத்தையும் கவனிக்கிறார்கள். குடிநீர், சக்கர நாற்காலி, பிறந்த குழந்தைக்கு மூச்சுவரச் செய்யும் பயிற்சி போன்ற நிவாரணத் திட்டங்களைக் களத்தில் பார்ப்பது வேறு சிலரின் பணி. மதப் பிரசாரத்துக்குத் தடையுள்ள நாடுகளில் இவ்வகைத் தம்பதிகள் பிரசாரம் செய்வதில்லை. ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து, பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகக் கேமராவில் பதிவுசெய்யும் தம்பதிகளும் உண்டு. சபையின் வம்சாவளி ஆய்வு அமைப்பான ஃபேமிலிசர்ச் 1938 முதல் செய்துவந்த மைக்ரோஃபிலிம் பணியின் தொடர்ச்சி அது. மதம் எதுவானாலும், முன்னோரைத் தேடும் எவருக்கும் பயன்படும் உழைப்பு.

இந்தியத் தொடர்பு

சமோவாவில் வசித்தபோது சபையில் சேர்ந்த எட்வின் தர்மராஜூவும் எல்ஸி தர்மராஜூவும் 1978இல் சிறப்பு ஊழியர்களாக ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டனர். முதியவர்கள் அல்லர், ஆனாலும் தம்பதியாக வந்தவர்கள். அவர்களுடைய உறவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் அப்போது ஞானஸ்நானம் பெற்றனர். பின்னர் 1980களில் சிங்கப்பூர் மிஷனின் கீழ் மூத்த தம்பதிகள் இந்தியாவில் பணியாற்றினர். 1993இல் பெங்களூரில் தனி மிஷன் உருவானது. பஞ்சாபில் பிறந்த கணிதப் பேராசிரியர் குர்சரண் சிங் கில் அதன் முதல் தலைவர். 2018 ஏப்ரலில் பெங்களூருக்கு ஆலயம் அறிவிக்கப்பட்டு, 2020 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. உள்ளூர்ப் பணியாளர்கள் தேர்ச்சி பெறும்வரை புதிய ஆலயங்களுக்கு மூத்த தம்பதிகளை அனுப்புவது சபையின் வழக்கம்.