தேக்காவும் திசைச்சொல்லும்

ஒரு நாட்டின் பழமையை அறியக் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் அரசு ஆவணமும் துணை செய்கின்றன. ஆயின் உழைத்துப் பிழைக்கக் கடல் கடந்து வந்த எளிய மக்கள் கல்வெட்டுப் பொறிப்பதில்லை. அவர்கள் விட்டுச் செல்வன சொற்களே. சிங்கப்பூர்த் தமிழரின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி, தெருவில் வழங்கிய பேச்சில்தான் பதிந்து கிடக்கிறது.

சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலை நம் முன்னோர் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே வழங்கினர். தமிழகத்திலிருந்து புதிதாக வருபவர் அங்கே ஏதேனும் கம்பம் நட்டிருக்கிறதா என்று தேடக்கூடும். இக்கம்பம் நடுகின்ற கம்பம் அன்று. சிற்றூரைக் குறிக்கும் 'கம்போங்' என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அங்கு உழைத்தவர் தமிழர். அவர்கள் வாழ்ந்தது மலாய் வழங்கிய மண். முற்பாதி தமிழும் பிற்பாதி மலாயுமான அத்தொடர், அவர்தம் வாழ்வை இரண்டே சொல்லில் கூறிவிடுகிறது.

பழைய கடைவீடுகளின் முன்னுள்ள நடைவழிக்கு 'அஞ்சடி' என்று பெயர். 1822இல் இராஃபிள்ஸ் வகுத்த நகர அமைப்புத் திட்டம், வீடுகளின் முன்புறம் தொடர்ச்சியான கூரையுள்ள நடைவழி அமைய வேண்டுமென விதித்தது. அதனை மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்றனர்; ஐந்து அடி என்பது பொருள். ஹொக்கியன் சீனர், ஐந்தைக் குறிக்கும் தம் சொல்லோடு மலாயின் 'காக்கி'யைச் சேர்த்துக் 'கோ காக்கி' என்றனர். தமிழரோ அதனை முழுவதும் தமிழாக்கி 'அஞ்சடி' என்றனர். மழைக்கு ஒதுங்கியவரும் கடை பரப்பியவருமாக மூவினத்தவரும் ஒரே நிழலில் நின்றமைக்கு இம்மூன்று சொற்களும் சான்று.

உணவிலும் இவ்வுறவைக் காணலாம். 'மீ கோரேங்' என்பதில் 'மீ' சீனம், 'கோரேங்' மலாய், அதனை இங்கே கடை வைத்துப் பரப்பியவருள் தமிழ் முஸ்லிம்கள் முதன்மையானவர். தமிழகத்துச் சமையலறை அறியாத இந்திய உணவு அது!

பெயர் மாற்றத்தையும் வென்ற சொல் 'தேக்கா'. மூங்கிலடி என்னும் பொருளுடைய ஹொக்கியன் சொல்லிலிருந்து அது பிறந்தது. 1915இல் கட்டப்பட்ட அங்காடிக்குக் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம், என்ற மலாய்ப் பெயரும் இருந்தது. 1982இல் புதிய கட்டடம் எழுந்தபோது, அதே மூங்கிலடியை மாண்டரின் ஒலிப்பில் 'ஜூஜியாவ்' என எழுதிப் பெயரிட்டனர். மக்கள் நாவோ தேக்காவை விடவில்லை. 2000ஆம் ஆண்டில் அது 'தேக்கா நிலையம்' என்றே பெயர் பெற்றது. சீனச் சொல்லாயினும், அதனைத் தம் ஊர்ப்பெயராக வழங்கிக் காத்தவருள் தமிழரும் உண்டு என்பதை மறத்தலாகாது.

கொண்டது போலவே கொடுத்ததும் உண்டு. மலாயின் 'கெடாய்' நம் கடை, 'கப்பால்' கப்பல், 'பெத்தி' பெட்டி, 'மோடால்' முதல். சிங்கப்பூர் ஆங்கிலப் பேச்சில் மூடனைக் குறிக்கும் 'குண்டு', பருமனைக் குறிக்கும் நம் சொல்லே என்பர். 1982இல் சில்வியா தோ பைக் சூ அப்பேச்சைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே அச்சொல் ஏறிவிட்டது.

என் மாணவப் பருவத்து நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. கட்டுரையொன்றில் 'பசாருக்குப் போனேன்' என எழுதியிருந்தேன். ஆசிரியர் அச்சொல்லைச் சிவப்பு மையால் அடித்துச் 'சந்தை' என்று திருத்தினார். "மலாய்ச் சொல்லை ஏன் எழுதினாய்?" என்று சினந்தவர், அடுத்த நொடியில், "அந்த ரோத்தானை எடுத்து வா" என்றார். பிரம்பைக் குறிக்கும் ரோத்தானும் மலாய்ச் சொல்லே என்பது அன்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆசிரியனான பின் நானும் பல ஆண்டுகள் அதே சிவப்பு மையைத்தான் பயன்படுத்தினேன்.

நன்னூல் என் எண்ணத்தை மாற்றியது. பவணந்தி முனிவர், செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களோடு, தமிழ் ஒழிந்த பதினேழு நிலங்களிலிருந்து வரும் சொற்களையும் திசைச்சொல்லாகக் கொள்கிறார். உரையாசிரியர் காட்டும் அந்நிலங்களின் பட்டியலில் சாவகமும் சீனமும் கடாரமும் உள்ளன. இலக்கணம் வாயிலைத் திறந்து வைத்திருக்க, நாம் ஏன் காவலாளிகளாக நின்றோம்?

ஆப்பிரிக்காவிலும் இதனையொத்த நிலை உண்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் கென்யாவின் தலைநகர் நைரோபியில், சுவாஹிலி இலக்கணத்தின் மேல் ஆங்கிலச் சொற்களும் பிற மொழிச் சொற்களும் கலந்த 'ஷெங்' என்ற தெருப்பேச்சை இளைஞர் வளர்த்துள்ளனர். அது மாணவரின் மொழியைக் கெடுக்கிறதென ஆசிரியர் பலர் வருந்துவதும் உண்டு.

நாம் அஞ்ச வேண்டியது எதற்கு? 'சடக்கைத் தாண்டிப் பசாருக்குப் போய்ச் சப்பாத்து வாங்கினேன்' என்று ஒரு பாட்டி சொன்னால், சாலையைக் குறிக்கும் சடக்கு இந்துஸ்தானியிலிருந்து வந்தது. பசார் பாரசீகத்தில் பிறந்து மலாய் வழி வந்தது. காலணியான சப்பாத்து போர்த்துக்கீசியம். ஆயினும் வேற்றுமை உருபுகளும் எச்சங்களும் வினைமுற்றும் தமிழ். வந்த விருந்தினர் மூவர், வீடு நம்முடையது. இன்றைய பேரனோ 'மார்க்கெட் போய் ஷூ பை பண்ணினேன்' என்கிறான். உருபு உதிர்ந்தது, வாங்குதல் என்னும் வினையும் போயிற்று. எஞ்சிய 'பண்ணினேன்' என்பதும் நீங்கினால் தமிழ் வாக்கியமே இராது.

இது வீண் அச்சமன்று. ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய சிங்கப்பூர்வாசிகளுள், வீட்டில் மிகுதியும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடாக இருந்தனர். 2020இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, திருத்தமான பேச்சுத்தமிழை வகுப்பறையில் வளர்க்க வேண்டுமெனப் பரிந்துரைத்ததும் இக்கவலையால்தான். எழுத்துத்தமிழைப் பிழையறக் கற்பித்தல் நம் கடமை. பேசும் தமிழை நாணச் செய்தல் நம் கடமையன்று.

ஆதலின் ஆசிரிய நண்பர்கள் மாணவரை ஒருநாள் தேக்காவுக்கு அழைத்துச் செல்வார்களாக. அஞ்சடியில் நடந்தவாறே ஒவ்வொரு சொல்லும் எந்தக் கப்பலில் வந்ததென்று அவர்கள் கேட்கட்டும். திரும்பி வந்து, கண்டதைத் தமிழில் எழுதட்டும். அதில் 'பசார்' என்ற சொல் வந்தால் சிவப்பு மையைச் சற்று மூடி வைப்போம். அதன் பின்னே நான்காம் வேற்றுமை உருபு சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.