கொம்பு இடம் மாறிய கதை

1991-இல் வெளியான யுனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் இணையத்தமிழ் பல ஆண்டுகள் திஸ்கி, தாம், தாப் எனப் பிரிந்தே கிடந்தது. நம்மவரின் ஒற்றுமையின்மையை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறுவது நியாயமன்று. பழைய கணினியையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

"தெரு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். திஸ்கியில் எகரக் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படியே, தகரத்துக்கு முன்னால் சேமிக்கப்படும். எழுத்துருவை நிறுவினால் போதும். விண்டோஸ் 95-உம் அதைக் காட்டிவிடும். யுனிகோடிலோ கொம்பு தகரத்துக்குப் பின்னால் வரும். அதனை முன்னே நகர்த்திக் காட்டுவது இயங்குதளத்தின் பொறுப்பு. விண்டோஸ் 2000-இல் வந்த அவ்வசதி விண்டோஸ் 98-இல் இயல்பாக இல்லை. புதுக்கணினி வாங்க இயலாதவர்க்கு யுனிகோடுத் தமிழ் வெறுங் கட்டங்களாகவோ, கொம்பு பிறழ்ந்தோ தெரிந்தது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பின்னாளில் ஒரே நூலைத் திஸ்கியிலும் யுனிகோடிலும் வெளியிட்டது. பழைய கணினி வைத்திருந்தோரும் அதனால் படிக்க முடிந்தது.

இன்று நிலைமை தலைகீழ். புதுக்கணினியில் திஸ்கிப் பக்கங்களே புரியாத குறிகளாகத் தெரிகின்றன. அவற்றுள் யுனிகோடுக்கு மாற்றி வைக்கப்படாதவை, அழியாமல் இருந்தும் படிப்பாரற்றுப் போகும்.