அஞ்சல் வகுப்பும் புலன வகுப்பும்

ஆசிரியர் முன்னிலையில் அமர்ந்து கற்பது ஒரு நெறி. தொலைவிலிருந்து வரும் எழுத்தைத் துணையாகக் கொண்டு தானே முயன்று கற்பது மற்றொரு நெறி. திறன்பேசியில் செய்தி பரிமாறிக் கற்கும் இக்காலத்தார் பின்னதைப் புதியது எனக் கருதுவர். கோலாலம்பூர்த் தமிழர் வரலாற்றை நோக்குங்கால் அது பழைய நெறியே என்பது விளங்கும்.

1924-இல் கோலாலம்பூரில் தோன்றி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ நாளிதழில், 1950-ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ ஒன்றைத் தொடங்கினர். தொடக்கப்பள்ளிக்கு மேல் தமிழ் பயிலும் வாய்ப்பு அரிதாயிருந்த காலம் அது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்ததே 1956-இல்தான். அந்நிலையில் சிறுகதையின் நெறிமுறை நாளிதழ் வழியே பாடமாக வந்தது. பயில்வோர் தத்தம் இருப்பிடத்திலிருந்தே பயிற்சிகளை எழுதி விடுத்தனர், அவை மதிப்பிடப்பெற்றன. போருக்குப் பிந்திய மலாயாவில் புதிய எழுத்தாளர் தலைமுறை உருவாக அவ்வகுப்புத் துணைநின்றது என்பது மிகையன்று.

அஞ்சல் செய்த பணியை மின்கருவி ஏற்பதற்கு, முதலில் தமிழ் அக்கருவியில் ஏற வேண்டியிருந்தது. கிள்ளான் கவிஞர் முரசு நெடுமாறனின் மகனார் முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். அவர்தம் ‘செல்லினம்’ 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி விடுக்க வழிவகுத்தது.

2009-இல் தோன்றிய வாட்ஸ்அப்பை நாம் ‘புலனம்’ என வழங்குகிறோம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடியிருந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை ஆசிரியர் பலர்க்குப் புலனமே வகுப்பறையாயிற்று. பாடம் குரற்பதிவாகச் சென்றது. மாணவர் ஏடு படமாகத் திரும்பியது. தனக்கெனத் திறன்பேசி இல்லாத பிள்ளை, பெற்றோர் வேலை முடிந்து வீடு திரும்பும்வரை பாடத்திற்குக் காத்திருந்தது.

விரைவில் அஞ்சல் புலனத்திற்கு ஈடாகாது. ஆயினும் கல்வியின் உயிர்நிலை விரைவிலா உள்ளது? கதை வகுப்புப் பயன்தந்தமைக்குக் காரணங்கள் இரண்டு: பயில்வோர் தாமே எழுதினர், எழுதியதைத் தகுதியுடையோர் படித்து மதிப்பிட்டனர். இன்றோ, வந்த செய்தியைப் படியாமலே பிறர்க்கு அனுப்புவது எளிது. தமிழை உரோமன் எழுத்தில் தட்டுவதும் எளிது. அவ்வெளிமையிடையே கற்றல் நழுவிவிடுகிறது. ஆதலின், நாள்தோறும் பத்துப் பாடங்களைக் குழுவில் நிரப்புவதினும், மாணவர் சொந்தமாகத் தமிழ் எழுத்தில் எழுதிய ஒரு பத்தியை வாரந்தோறும் பெற்றுத் திருத்தி அனுப்புதலே சாலச் சிறந்தது.