கிரஸ்தோதய கிரஹணமும் தேசாந்தரமும்

சந்திரன் கிரஹணம் பிடித்த நிலையிலேயே உதிப்பதற்குக் 'கிரஸ்தோதயம்' என்று பெயர். 8-11-2022 அன்று இந்தியாவில் தெரிந்தது அத்தகைய கிரஹணம். பகல் 2.39க்கு ஸ்பர்சம்; 3.46 முதல் 5.12 வரை பூர்ண கிரஹணம், மாலை 6.19க்கு மோக்ஷம். பௌர்ணமிச் சந்திரன் சூரியாஸ்தமனத்தை ஒட்டித்தானே உதிக்கும்? ஆகவே கிரஹணத்தின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்தது.

தெரிந்த பகுதியும் ஊருக்கு ஊர் மாறுபட்டது. உதயம் முதல் மோக்ஷம் வரை கொல்கத்தாவில் 1 மணி 27 நிமிஷம், டெல்லியில் 50 நிமிஷம், சென்னையில் 40, பெங்களூரில் 29, மும்பையில் 18 நிமிஷம் மட்டுமே. கொல்கத்தா அன்பர்கள் பூர்ண கிரஹணத்தின் கடைசி 20 நிமிஷத்தையும் காண முடிந்தது. மற்ற நான்கு நகரங்களில் சந்திரன் உதித்தபோதே அது பார்சுவ கிரஹணமாகிவிட்டது.

இது வெறும் வேடிக்கை விஷயமல்ல. கண்ணுக்குத் தெரியும் கிரஹணத்திற்கே அநுஷ்டானம் என்பதால், கிரஸ்தோதயத்தில் புண்ணிய காலம் உதயத்திலிருந்துதான் தொடங்கும். சென்னை உதய நேரமான 5.39ஐ வைத்துக்கொண்டு மும்பையில் ஒருவர் தர்ப்பணம் தொடங்கியிருந்தால், அங்கே சந்திரன் உதிக்க இன்னும் 22 நிமிஷம் இருந்திருக்கும். கொல்கத்தாவிலோ அது 4.52க்கே உதித்துவிட்டது.

பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதே சந்திர கிரஹணம் என்பதை ஆரியபடர் கி.பி. 499லேயே கூறிவிட்டார். நிழல் விலகும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் அந்தக் கணத்தில் அந்தந்த ஊரின் சூரிய நேரம் வேறு வேறு. ஒரு பாகை கிழக்கே போனால் 4 நிமிஷம் முந்தும். கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் சுமார் 15½ பாகை, அதாவது 62 நிமிஷம். அன்றைய உதய வித்தியாசம் 69 நிமிஷம். மீதியுள்ளது அட்சரேகை வித்தியாசத்தாலும் சந்திரனின் சொந்த ஓட்டத்தாலும் வந்தது.

இதையே நம் முன்னோர் ஓர் உபகரணமாகக் கையாண்டார்கள். லங்கை, உஜ்ஜயினி வழியாகச் செல்லும் மத்திய ரேகைக்குப் பூர்ண கிரஹணம் விடும் நேரத்தைக் கணித்துக்கொள். உன் ஊரில் அது விடும் நேரத்தைப் பார். கணித்ததற்குப் பின்னால் விட்டால் நீ ரேகைக்குக் கிழக்கே இருக்கிறாய், முன்னால் விட்டால் மேற்கே என்கிறது சூரிய சித்தாந்தம். இவ்வாறு கிடைக்கும் இட வித்தியாசமே தேசாந்தரம். கணக்கோடு கண்ணையும் சேர்த்துக் கேட்கும் முறை இது.

கேரளத்தில் பாரதப்புழை கடலில் கலக்கும் பகுதியில் வாழ்ந்த பரமேச்வரர் 1393 முதல் 1432 வரை தாம் பார்த்த கிரஹணங்களைக் குறித்து வைத்தார். பழைய கணிதத்துக்கும் ஆகாயத்துக்கும் பொருந்தாமை கண்டு 1431ல் 'த்ருக்கணிதம்' இயற்றினார். 'த்ருக்' என்றால் பார்வை. அவர் 55 ஆண்டுகள் கிரஹங்களைப் பார்த்து வந்தார் என்று நீலகண்ட சோமயாஜி எழுதியுள்ளார்.

மறுபக்கமும் உண்டு. 1825ல் ஜான் வாரன் என்பவர், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரஹணம் கணித்ததைப் பதிவு செய்தார். ஸ்பர்சத்தில் 4 நிமிஷமே பிழை. மோக்ஷத்தில் 52 நிமிஷம். ஏடும் எழுத்தும் இன்றி இவ்வளவு நெருங்கியது நம் குருகுல அப்யாசத்தின் பெருமை. ஆனால் பரமேச்வரரைப் போல ஆகாயத்தைப் பார்த்து அவ்வப்போது திருத்தாவிட்டால் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதற்கும் அதுவே சாட்சி.

வெளியூர் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிரஸ்தோதயத்திற்கு உங்கள் ஊரின் சந்திரோதய நேரத்தைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மோக்ஷ ஸ்நானத்திற்கு முன் பேரன் பேத்திகளை மாடிக்கு அழைத்துச் சென்று கீழ்வானைக் காட்டுங்கள். சந்திர கிரஹணத்தை வெறும் கண்ணால் பார்ப்பதில் கெடுதல் ஏதுமில்லை. நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பரமேச்வரர் செய்ததும் அதுதான்.