புரோலினின் வெளிச்சம்

அமினோ அமிலங்களுக்கு நிறம் கிடையாது. கரைத்தாலும் தண்ணீர் தண்ணீராகவே தெரியும். எனவே அவற்றை அளக்க வேதியியலாளர் நெடுங்காலம் நிறமேற்றும் பொருள்களையே நம்பினர். 1910இல் கேம்பிரிட்ஜில் ரூஹெமன் கண்டறிந்த நின்ஹைட்ரின் அவற்றுள் முதன்மையானது. அதைச் சேர்த்துச் சூடாக்கினால் ஏறக்குறைய எல்லா அமினோ அமிலங்களும் ஊதாவாகும். நைட்ரஜன் அணு வளையத்துக்குள் அடைபட்டிருக்கும் புரோலின் மட்டும் மஞ்சளோடு நின்றுவிடும். 1958இல் ஸ்டைனும் மூரும் ஸ்பாக்மனுடன் அமைத்த பகுப்புக் கருவி ஊதாவை 570 நானோமீட்டரில் அளந்தது. புரோலினுக்கென்று தனியாக 440 நானோமீட்டர் தேவைப்பட்டது.

மின்முனையில் ஒளி காணும் முயற்சி வேறொரு பாதையில் வளர்ந்தது. உயிரொளிர்வை ஆராய்ந்த நியூட்டன் ஹார்வி, காரக் கரைசலில் லூமினாலை மின்னாற்பகுத்தபோது எழுந்த ஒளியை 1929இல் பதிவுசெய்தார். 1964, 65இல் ஹெர்க்குலிஸ், விஸ்கோ–சாண்ட்ராஸ், சந்தானம்–பார்டு ஆகியோர் கரிமச் சேர்மங்களில் இதை விரிவாக ஆராய்ந்தனர். 1972இல் டோக்கலும் பார்டும் மூன்று பைப்பிரிடின்கள் பிணைந்த ருத்தேனிய அயனியை ஒளிரவைத்தனர். அமினோ அமிலங்களைப் பொறுத்தவரை இதுவே திருப்பம். ஆனால் அவர்கள் பயன்படுத்திய கரைப்பான் அசிட்டோநைட்ரைல். நீரிலேயே அந்த அயனி ஒளிரும் என்று ஆக்சலேட்டைத் துணையாகச் சேர்த்து ரூபின்ஸ்டைனும் பார்டும் காட்டியது 1981இல். 1987இல் நாஃப்சிங்கரும் டேனியல்சனும் அமீன்களைக் கொண்டு ஒளி பெற்றனர். 1990களின் தொடக்கத்தில் புரூனும் பாபிட்டும் அமினோ அமிலங்களை எடுத்துக்கொண்டனர்.

ஒளிர்வது அமினோ அமிலம் அல்ல, ருத்தேனியமே. நேர்மின்முனையில் ருத்தேனிய அயனி ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. அமினோ அமிலத்தின் நைட்ரஜனும் எலக்ட்ரானை இழக்க, அதை ஒட்டிய கார்பனிலிருந்து ஒரு புரோட்டான் கழன்றுவிடுகிறது. எஞ்சும் தனி உறுப்பு எலக்ட்ரானைத் தள்ளிவிடத் துடிக்கும். அதைப் பெறும் ருத்தேனியம் கிளர்வுற்று, ஆரஞ்சு ஒளியை உமிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்பி, அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. நைட்ரஜனின் எலக்ட்ரான் இணையைப் புரோட்டான் பிடித்துக்கொண்டால் இது நடக்காது. ஆகவே கரைசல் காரமாக இருக்க வேண்டும்.

நைட்ரஜனோடு இணைந்த கார்பன்கள் கூடுமளவு பொதுவாக ஒளியும் கூடும். ஈரிணைய அமீனான புரோலின் இங்கே மற்றவற்றைப் பின்தள்ளிவிட்டது. நின்ஹைட்ரினுக்கு மசியாத அதே வளையம்தான் இதற்குக் காரணம். ஓரிணைய அமீன்களான மற்றவை மங்கலாகவே ஒளிர்ந்தன. ஜப்பானிய ஆய்வாளர்கள் டைவினைல் சல்ஃபோனைச் சேர்த்து ஓரிணைய அமீன்களை மூவிணையமாக மாற்றி ஒளியைக் கூட்டினர். தனிக் கவனிப்பு இம்முறை புரோலினுக்குத் தேவைப்படவில்லை, மற்றவற்றுக்கே தேவைப்பட்டது.