ஆண்டுக்கு ஒரு கினி

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில், லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைகள் நிறைந்த சிற்றூர் ஓல்னி. 1768-ல் கவிஞர் வில்லியம் கூப்பர் அங்கே சந்தைத் திடலைப் பார்த்த ஒரு செங்கல் வீட்டில் குடியேறினார். பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் வேலைக்கு நேரில் வந்து தகுதியைக் காட்ட வேண்டும் என்ற அச்சத்திலேயே 1763-ல் மனம் முறிந்து, ஒன்றரை ஆண்டு மனநல இல்லத்தில் இருந்தவர் அவர். மேரி அன்வின் என்ற விதவைத் தாய் அவரைத் தம் குடும்பத்தில் ஒருவராக வைத்துப் பார்த்துக்கொண்டார்.

கொல்லைப்புறத்துக்கு அந்தப் பக்கம் நண்பர் ஜான் நியூட்டனின் பாதிரியார் இல்லம். நடுவே ஒரு பழத்தோட்டம். உரிமையாளருக்கு ஆண்டுக்கு ஒரு கினி நாணயம் கொடுத்து, அதன் வழியே நடந்துபோக அனுமதி வாங்கினார்கள். தெருவில் இறங்காமலே நண்பரைப் பார்க்க கூப்பருக்கு ஒரு வழி கிடைத்தது.

1773-ல் நோய் திரும்பியது. நியூட்டன் வீட்டுக்கு வந்த கூப்பர், அங்கிருந்து கிளம்பவே மறுத்துவிட்டார். ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். நியூட்டனின் கடுமையான பக்திதான் அவர் நோயை முற்றவைத்தது என்று குறைசொல்பவர்கள் உண்டு. ஆனால் ஓராண்டுக்கு மேல் வீட்டில் வைத்துக் காத்தவரை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒருநாள் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனி போடும்போது கூப்பர் புன்னகைத்தார். பதினாறு மாதத்தில் அந்த முகத்தில் கண்ட முதல் சிரிப்பு என்று நியூட்டன் கடிதத்தில் எழுதிவைத்தார். அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

வீடு திரும்பிய கூப்பருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு முயல்குட்டியைக் கொடுத்தார்கள். அது மூன்றாயிற்று: பஸ், டைனி, பெஸ். அவற்றுக்குத் தம் கையாலேயே மரக்கூண்டு செய்தார், தோட்டம் போட்டார். 1782-ல் லேடி ஆஸ்டின் என்ற தோழி ஒரு மாலை ஜான் கில்பின் என்ற துணி வியாபாரியின் குதிரைச் சவாரிக் கதையைச் சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தவர் அதையே பாட்டாக்கினார். அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது.

கால் நூற்றாண்டாகச் சுற்றுவட்டாரத்தைத் தாண்டாத அந்த மனிதர், 1792 ஆகஸ்டில் சசெக்ஸிலுள்ள ஈர்த்தத்துக்குப் பயணம் போனார். வில்லியம் ஹேலி என்ற நண்பரின் அழைப்பு அது. பக்கவாதத்தால் விழுந்திருந்த மேரிக்கு இடமாற்றம் நல்லது செய்யும் என்ற எண்ணமே அவரை வண்டியில் ஏற்றியது. நடுக்கத்தோடுதான் ஏறினார். அங்கே ஆறு வாரம்போல் தங்கினார். ஓவியர் ராம்னி அவரை வரைந்தது அப்போதுதான்.

அதன்பிறகு கூப்பருக்கு மறுபடியும் நோய் முற்றியது. ஒருமுறை நாள்கணக்கில் வாய்திறக்காமல் உட்கார்ந்துவிட்டார். யார் சொல்லியும் அசையவில்லை. சுற்றியிருந்தவர்கள் மேரியிடம் ஒரு யோசனை சொன்னார்கள். நடக்கவே சிரமப்பட்ட அந்த மூதாட்டி, “காலை நன்றாக இருக்கிறது, கொஞ்சம் நடந்து பார்க்கலாம்போல் இருக்கிறது” என்றார். கூப்பர் உடனே எழுந்து தம் கையைக் கொடுத்தார். நோய் அதோடு தீர்ந்துவிடவில்லை. 1795-ல் உறவினர் ஜான் ஜான்சன் இருவரையும் நார்ஃபக்குக்கு அழைத்துப்போய்த் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.