இயந்திரக் கை தோட்டத்துக்கு வர ஏன் இத்தனை காலம்?

மலேசியாவின் காப்பார் வட்டாரச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளை இன்றும் பார்க்கலாம். ஆலைக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் கிளட்சை மிதித்து ஒரு விசையை இழுக்கிறார். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் பொருத்திய பிடிஓ (PTO) என்ற சக்தி கடத்தி, எஞ்சினின் சுழற்சியை ஹைட்ராலிக் பம்புக்குத் திருப்பிவிடுகிறது. அழுத்தத்தோடு பாயும் எண்ணெய் சிலிண்டரை அடுக்கடுக்காக வெளியே தள்ள, பெட்டி சாய்ந்து குலைகள் சரிகின்றன. அதே சக்திதான் தோட்டத்துக்குள் சிறு டிராக்டரில் பூட்டிய இரும்புக் கையையும் இயக்கிக் குலையைக் கவ்வித் தூக்குகிறது. முள் நிறைந்த ஒரு குலை 10 முதல் 25 கிலோ வரை இருக்கும். இந்தக் கை வரும்வரை அதைக் கம்பியால் குத்தித் தூக்கியதும், தள்ளுவண்டியில் சாலையோரம் சேர்த்ததும் மனிதர்களே. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

இயந்திரம் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதல்ல காரணம். பிடிஓ பொருத்திய டிராக்டர்கள் 1920களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டன. ஃபெர்குசனின் ஹைட்ராலிக் தூக்கி 1939இல் ஃபோர்டு டிராக்டரில் வந்தது. சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் செம்பனை வணிகப் பயிரானது 1917இல். பயிரும் கருவியும் ஏறக்குறைய ஒரே தலைமுறை. ஆனாலும் இரும்புக் கை மர வரிசைகளுக்குள் பரவலாக நுழைந்தது 1980, 90களில்தான். மலிவான உழைப்பே அதைத் தடுத்து நிறுத்தியது என்பேன். தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டி வரும் கங்காணி முறையில் ஆள் வந்துகொண்டிருந்தவரை முதலாளிக்கு இயந்திரம் வீண் செலவு. 1938இல் இந்திய அரசு அந்த வருகையைத் தடுத்தது. அப்போதும் இயந்திரம் வரவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு.

அன்று ரப்பர்தானே ஆண்டது, பால்வாளிக்கு ஹைட்ராலிக் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1960களில் செம்பனை பரவிய பிறகு நடந்ததைப் பாருங்கள். வெட்டிய பழத்தில் அமிலம் ஏறும். 24 மணி நேரத்துக்குள் ஆலை சேராவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அந்த நட்டம் முதலாளியுடையது. அதனால் சாய்க்கும் லோரி முதலில் வந்தது. மரத்தடியிலிருந்து சாலை வரையிலான சுமை கூலியாளின் முதுகோடு போயிற்று. அங்கே அவசரம் எவருக்கும் இல்லை. கடலோரக் களிமண்ணில் சக்கரம் புதையும் என்பதும் உண்மையே. எருமை வண்டிகள் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆள் பற்றாக்குறை வந்ததும் அகலச் சக்கரமும் சங்கிலிப் பட்டையும் வந்துவிட்டன. மண் மாறவில்லை, கணக்குதான் மாறியது.

இயந்திரம் வந்துதான் நம்மவர் வேலையிழந்தனர் என்ற குறையும் உண்டு. சில தோட்டங்களில் அப்படி நடந்திருக்கலாம். ஆனால் 1980களில் இளைஞர்கள் ஷா ஆலாம், கிள்ளான் தொழிற்சாலைகளுக்குத் தாமாகவே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விட்ட இடத்தை இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் நிரப்பியதும் இயந்திரமயத்தின் வேகம் மறுபடி குறைந்தது. 2020இல் பெருந்தொற்றால் எல்லைகள் மூடப்பட்டு, வெட்ட ஆளின்றிப் பழம் மரத்திலேயே அழுகத் தொடங்கிய பிறகுதான் இயந்திரங்களுக்கான பேச்சும் பணமும் மீண்டும் சூடுபிடித்தன.